அச்சுக்கூடமும் அரசியலும்

2023-ஆம் வருஷம் மார்ச் மாதம் முதல் வாரத்தில் என் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார வேண்டிய பையன் பீஹாரிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். தகப்பனார் திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். பையன் எங்கள் பள்ளிக்கு வந்த இரண்டு வருஷத்தில் தமிழை நன்றாகப் பிடித்துக்கொண்டு, ஆத்திசூடி ஒப்பிப்பதில் வகுப்பிலேயே முதல்வனாக விளங்கியவன். மூன்று நாள் அவன் வராமற் போகவே, ஒரு மாலை நான் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். கதவு பாதிதான் திறந்தது. "வெளியே போனால் அடிப்பார்களாம், ஸார்!" என்றான் பையன். தகப்பனார் ஒன்றும் பேசாமல் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். அது எந்த ஊர், எந்த வருஷம், அடிக்கிறவர் யார், அடிபடுகிறவர் யார் என்பதற்கு அதில் யாதோர் அடையாளமும் இல்லை. "உங்களை இங்கே யாராவது ஒரு கடுஞ்சொல் சொன்னதுண்டா?" என்று கேட்டேன். "இல்லையாம், ஸார். ஆனால் ஊரிலிருந்து பாட்டி தினமும் அழுகிறாளாம்" என்று பையன் மொழிபெயர்த்துச் சொன்னான்.

அச்சமயம் நடந்த சங்கதி நேயர்களுக்கு நினைவிருக்கலாம். தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லிச் சில அசையும் படங்கள் எங்கும் பரவின. அவற்றிற் பல, வேறு இடங்களில் வேறு காரணங்களால் நேர்ந்த சம்பவங்கள் என்பது பிறகு வெளியாயிற்று. ஆனால் அதற்குள் பீஹார் சட்டசபையில் அமளி உண்டாகிவிட்டது. அந்த அரசாங்கம் அதிகாரிகள் குழு ஒன்றைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிற்று. திருப்பூரிலும் கோவையிலும் உத்தியோகஸ்தர்கள் தொழிலாளர்களிடையே சென்று தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. பொய்ச் செய்தி பரப்பியதாகச் சிலர்மீது வழக்கும் தொடரப்பட்டது. ஒரு பொய் ஒரு சட்டசபையை அசைத்தது. அந்தச் சட்டசபையின் அமளியே மறுநாள் பெரிய செய்தியாகி, அந்தப் பொய்க்கு மேலும் பலம் தந்தது.

செய்தி அரசியலை நடத்துகிறதா, அரசியல் செய்தியை நடத்துகிறதா? இந்தக் கேள்வியைப் பற்றி அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அறிஞர்கள் பல சித்தாந்தங்களை எழுதியிருக்கிறார்கள். அவற்றை அறிவதற்கு முன்னால் நம்முடைய கொங்குநாட்டின் கதையைப் பார்ப்பது நல்லது. சென்ற நூற்றைம்பது வருஷத்தில் இந்தக் கேள்விக்கு வேண்டிய சாட்சியங்கள் எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன.

கலாநிதி காலம்

ஈரோட்டில் பிறந்த சே. ப. நரசிம்மலு நாயுடு 1877-ஆம் வருஷம் 'சேலம் தேசாபிமானி' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே லிட்டன் பிரபு தேசபாஷைப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு அச்சட்டத்தின் உபத்திரவம் கிடையாது. சுதேச பாஷைகளில் எழுதுகிறவனுக்கு மட்டுமே உண்டு. ஜனங்கள் எந்தப் பாஷையில் பேசிக்கொள்கிறார்களோ அந்தப் பாஷையிலேதான் ஆபத்து இருக்கிறதென்று அன்றைய சர்க்கார் கண்டுகொண்டது. நாயுடு மனம் தளரவில்லை. கோவைக்கு வந்து, 1881-இல் 'கோயமுத்தூர் கலாநிதி'யை நடத்தலானார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற பிரதிநிதிகளில் அவரும் ஒருவர்.

சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரவேண்டுமென்று முதன்முதலில் வற்புறுத்தியவர்களில் ஒருவராக அவரைக் கோவைவாசிகள் நினைவுகூர்கிறார்கள். அவர் 1922-இல் காலமானார். அந்த இனிய ஜலம் நகரத்துக் குழாய்களில் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு யோசனை மனத்திற் பிறந்து, மேடையில் பேசப்பட்டு, ஜனங்களின் வாயில் புகுந்து, நகரசபையின் தீர்மானமாகி, குழாயில் நீராக வருவதற்கு ஒரு மனிதனின் ஆயுள் போதவில்லை. ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாதிருந்தால் அது தொடங்கியே இராது.

காவிரியின் இரு கரைகள்

1925-ஆம் வருஷம் கொங்குநாட்டு அரசியலில் ஒரு விசேஷ வருஷம். அவ்வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மே 2-ந் தேதி ஈரோட்டில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 'குடி அரசு' வாரப்பத்திரிகையைத் தொடங்கினார். திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள் அதைத் துவக்கி வைத்தார். இரண்டு ஊருக்கும் நடுவே காவிரி. அன்றைக்கு இருவரும் காங்கிரஸ்வாதிகள்; கதர் மூட்டையைத் தோளில் சுமந்தவர்கள்.

'குடி அரசு' பிறந்து ஆறு மாதம் கழித்து, நவம்பரில், காஞ்சீபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மகாநாடு கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பெரியார் வெளியேறினார். இந்தத் தேதிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். கட்சியை விட்டு வந்த பிறகு தமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டுமென்று அவர் தேடவில்லை. கட்சியில் இருந்தபோதே பத்திரிகை கையில் இருந்தது. வாராவாரம் அதில் எழுதப்பட்ட எண்ணங்களே சுயமரியாதை இயக்கமாக உருவெடுத்தன. முதலில் பத்திரிகை, பின்பு வாசகர்கள், பின்பு இயக்கம் என்பது அங்கே நடந்த கிரமம். அவர் சொன்னவற்றில் எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது என்பதில் அவரவர்க்கு அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் ஈரோட்டிலே ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் கோத்த எழுத்துக்கள் சென்னைச் செயலகத்தின் படிகளை ஒரு நாள் எட்டின என்பதை யாரும் மறுக்க இயலாது.

அக்கரையில் நடந்ததோ வேறு விதம். 1929-இல் புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்னும் மாதப்பத்திரிகை வெளிவந்தது. ராஜாஜி ஆசிரியர், 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். மதுவிலக்கு ஒன்றே அதன் வேலை. குடியினாற் கெடுகிறவர்களில் பெரும்பாலோர் படிக்கத் தெரியாதவர்கள் அல்லவா? ஆகையால் கதைகளும் படங்களும் அதில் நிறைய இருந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். கேட்கப் பொறுமையில்லாதவர்கள் படத்தையாவது பார்க்கலாம். பத்து இதழ்கள் வெளிவந்தன. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது, ராஜாஜி வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார், பத்திரிகை நின்றுபோயிற்று.

பத்து இதழ்களோடு நின்றுபோன பத்திரிகையைத் தோல்வி என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதியே சேலம் ஜில்லாவில், அதாவது 'விமோசனம்' பிறந்த அதே ஜில்லாவில், மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. இந்தியாவில் பொதுவான விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. இன்று நம் வீட்டுப் பெண்மணிகள் கடைச் சீட்டின் அடியில் பார்க்கும் வரிக்கும், புதுப்பாளையத்துப் பத்திரிகைக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசாங்கமே தன் வாணிபக் கழகத்தின் மூலம் சில்லறையாக மது விற்கிறது. ஆகவே பத்திரிகை நினைத்தது நிலைத்தது என்று சொல்வதற்கில்லை. மதுவிலக்கினால் பிழைப்பு இழந்த மரமேறிகளின் குரலுக்கு அந்தப் பக்கங்களில் எவ்வளவு இடம் இருந்தது என்றும் நியாயமாகவே கேட்கலாம். ஆயினும் மது என்பது ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம் அல்ல, ஓட்டுக் கேட்க வருகிறவர் பதில் சொல்ல வேண்டிய பொது விவகாரம் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. இன்றும் தேர்தலுக்குத் தேர்தல் அது எழுந்து நிற்கிறது.

அறிஞர் சொல்வது

இங்கேதான் மேனாட்டுச் சித்தாந்தங்கள் நமக்கு உதவுகின்றன. அமெரிக்காவில் 1968-ஆம் வருஷ ஜனாதிபதி தேர்தலின்போது மக்கோம்ப்ஸ், ஷா என்னும் இரு பேராசிரியர்கள் சாப்பல் ஹில் என்னும் சிற்றூரில் ஓர் ஆராய்ச்சி செய்து, 1972-இல் அதை வெளியிட்டார்கள். எவை முக்கியமான பிரச்னைகள் என்று வாக்காளர்களைக் கேட்டார்கள். அதே சமயம் பத்திரிகைகள் எவற்றுக்கு அதிக இடம் ஒதுக்கின என்று அளந்தார்கள். இரண்டு வரிசைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எந்த அபிப்பிராயம் கொள்வது என்பதைப் பத்திரிகை நிர்ணயிப்பது அரிது. எதைப் பற்றி அபிப்பிராயம் கொள்வது என்பதை அது பெரிதும் நிர்ணயிக்கிறது என்பது அவர்கள் முடிவின் சாரம். 'விமோசனம்' குடியைப் பற்றி எல்லாரையும் ஒரே அபிப்பிராயம் கொள்ளச் செய்யவில்லை. குடியைப் பற்றி எல்லாரையும் யோசிக்கச் செய்வதில் பங்கு கொண்டது.

இதற்கு முன்னரே, 1940-இல், லாஸர்ஸ்பெல்ட் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் ஒஹையோ மாகாணத்தில் ஒரு ஜில்லாவின் வாக்காளர்களைப் பல மாதம் தொடர்ந்து விசாரித்தார்கள். பத்திரிகையும் ரேடியோவும் ஜனங்களின் மனத்தை நேரே மாற்றிவிடுவதாக எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. விசாரித்ததில் அப்படித் தெரியவில்லை. செய்தி முதலில் ஆவலோடு படிக்கும் சிலரை அடைகிறது. அவர்கள் வாய்மொழியாக மற்றவர்களை அடைகிறது. அந்த இரண்டாவது படியில்தான் மனம் மாறுகிறது என்று கண்டார்கள்.

இதைப் படித்தபோது நமது கிராமத்துத் திண்ணைகளும் வாசகசாலைகளும் என் நினைவுக்கு வந்தன. 1921 ஜூலை 31-ந் தேதி பாரதியார் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில்தான் தம்முடைய கடைசிப் பிரசங்கங்களில் ஒன்றைச் செய்தார். அக்காலத்தில் ஒரு பத்திரிகைப் பிரதியை ஒருவர் வாங்கினால் ஊரே கேட்கும். பள்ளிக்கூட வாத்தியாரோ, வக்கீல் குமாஸ்தாவோ, மில்லில் எழுத்து வேலை பார்ப்பவரோ உரக்க வாசிப்பார். அவர் எந்தப் பாராவில் நிறுத்தித் தலையை ஆட்டுகிறாரோ அந்தப் பாராவே ஊரின் அபிப்பிராயமாகிவிடும். நானும் அந்த வாத்தியார் ஜாதியைச் சேர்ந்தவனாதலால், இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சற்றுப் பயத்தோடுதான் சொல்லுகிறேன்.

மூன்றாவதாக ஒரு சித்தாந்தமும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த எலிஸபெத் நொய்லே-நொய்மன் என்னும் அம்மையார் 1974-இல் எழுதியது. தம்முடைய அபிப்பிராயம் சிறுபான்மையானது என்று நினைக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்; அவர்கள் மூடிக்கொள்வதால் எதிர் அபிப்பிராயம் இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது; அதனால் மேலும் பலர் மௌனமாகிறார்கள். அந்த மார்ச் மாதத்தில் எங்கள் தெருவில் வடநாட்டாரோடு சிநேகமாகப் பழகிய மளிகைக் கடைக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் ஏராளம். கைப்பேசியில் அவர்கள் யாரும் பேசவில்லை. சத்தம் போட்டவர்களே ஊர் என்று தோன்றிற்று.

வெண்திரை

பத்திரிகையைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தினால் கோவைக்கு அநியாயம் செய்தவனாவேன். சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கோவை அன்பர் 1905-இல் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். பின்னர் 1914-இல் கோவையில் 'வெரைட்டி ஹால்' கொட்டகையைக் கட்டினார். 1930-களில் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தன.

அந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் கம்பெனியார் தயாரித்து, 1947-இல் வெளிவந்த படம் 'ராஜகுமாரி'. அதில்தான் எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகக் கதாநாயகன் வேஷம் தாங்கினார். வசனம் எழுதுவதில் பங்கு கொண்ட இளைஞர் மு. கருணாநிதி. 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யிலும் இருவரும் சேர்ந்தார்கள். ஒருவர் 1969-இலும் மற்றவர் 1977-இலும் தமிழ்நாட்டின் முதல்மந்திரி ஆனார்கள். கொங்குநாட்டுக் கொட்டகைகளில் ஒளியும் ஒலியுமாக ஆரம்பித்த ஒன்று கோட்டையில் போய் அமர்ந்தது. இவ்வளவு தெளிவான உதாரணத்தை மேனாட்டுப் பேராசிரியர்கள் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

சர்க்காரின் கை

அரசியல் செய்தியை எப்படி நடத்துகிறது என்பதையும் சொல்லவேண்டும். அடக்குமுறைக்கு வேண்டிய முதல் ஆயுதம் பணம். 1910-ஆம் வருஷச் சட்டத்தாலும் 1931-ஆம் வருஷச் சட்டத்தாலும் அச்சுக்கூடங்களிடம் ஜாமீன் தொகை கேட்கலாம். எழுத்து பிடிக்காவிட்டால் பறிமுதல் செய்யலாம். ஏழைப் பத்திரிகை அதோடு மடிந்துபோகும். 1933 அக்டோபரில் 'குடி அரசு' எழுதிய ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும், பத்திரிகையை வெளியிட்டவர் என்ற முறையில் அவருடைய சகோதரி கண்ணம்மாளும் கைது செய்யப்பட்டுச் சிறைத் தண்டனை அடைந்தார்கள். 'குடி அரசு' நின்றபோது 'புரட்சி' வந்தது. 'புரட்சி' போனபோது 'பகுத்தறிவு' வந்தது. 1935-இல் 'குடி அரசு' மறுபடியும் தலைகாட்டிற்று.

இது அந்நியன் செய்த காரியம், சுயராஜ்யத்தில் அப்படி இராது என்று நம் பெரியோர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடனே சோதித்ததும் கொங்குமண்ணே. 1950 பிப்ரவரி 11-ந் தேதி, குடியரசு ஏற்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், சேலம் சிறையில் போலீஸார் சுட்டதில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டார்கள். மார்ச் 1-ந் தேதி பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த, இடதுசாரிச் சார்புள்ள 'கிராஸ்ரோட்ஸ்' என்னும் வாரப்பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக்கூடாது என்று சர்க்கார் தடைவிதித்தது. அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். மே 26-ந் தேதி கோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது. ஆனால் மறு வருஷம் ஜூன் மாதத்தில் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தை முதன்முதலாகத் திருத்தி, பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளை விதித்தது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலையின்போது பத்திரிகைகள் தணிக்கைக்காரரின் பேனாவுக்கு அடங்கி வெளிவந்ததும் நாம் அறிந்ததே. ஆட்சியில் இருக்கும்போது பத்திரிகையின் சுதந்திரத்தை விரும்புவது எந்தக் கட்சிக்கும் கஷ்டமாகவே இருந்திருக்கிறது.

ஆகையால் ஆரம்பத்திற் கேட்ட கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. பத்திரிகை ஒரு விஷயத்தைப் பொது விஷயமாக்குகிறது. அரசியல் அதைச் சட்டமாக்குகிறது. சட்டம் கையில் வந்ததும் அரசியல் பத்திரிகையின் வாயைக் கட்டப் பார்க்கிறது. கட்டப்பட்ட வாயே புதிய அரசியலைப் பிறப்பிக்கிறது.

அச்சிட்டவர் பெயர்

ஆனால் பழைய பத்திரிகைக்கும் அந்தப் பீஹார்ப் பையனின் வீட்டுக் கைப்பேசிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1867-ஆம் வருஷச் சட்டத்தின்படி ஒவ்வொரு பத்திரிகையிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கவேண்டியிருந்தது. அந்நிய சர்க்கார் தன் சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடுதான் அது. அதனால் நமக்கும் ஒரு நன்மை விளைந்தது. எழுதியதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். ராஜாஜி தம் பெயரைப் போட்டு எழுதினார். கண்ணம்மாள் தம் பெயரைப் போட்டு வெளியிட்டார். அதற்காகச் சிறைக்கும் சென்றார். படிக்கிறவனுக்கு, 'இது இன்னார் சொல்வது. இன்னாருக்கு இன்ன கட்சி' என்று நிறுத்துப் பார்க்க இடமிருந்தது.

கைப்பேசியில் வரும் படத்துக்கு அச்சிட்டவர் பெயர் இல்லை. அனுப்பினவர் பெயர்தான் இருக்கிறது. அவர் நம்முடைய மாமாவாக இருக்கிறார், பெரியம்மாவாக இருக்கிறார், கூடப் படித்த சிநேகிதராக இருக்கிறார். லாஸர்ஸ்பெல்ட் சொன்ன இரண்டாவது படி மட்டும் மிஞ்சி, முதற்படி மறைந்துபோயிற்று. செய்தி எங்கிருந்து வந்தது என்று பாராமல், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்து நம்புகிறோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஒரு வயோதிக மாதைக் கொன்றேவிட்டது. அந்த வதந்தியை ஒருவருக்கொருவர் அனுப்பினவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்மீது அன்புள்ள தாய் தந்தையராகவே இருந்திருப்பார்கள்.

இதற்குச் சட்டம் ஓரளவுதான் செய்யமுடியும். அதிகமாகச் செய்யச் சொன்னால் பழைய ஜாமீன் தொகைக் காலமே திரும்பிவிடும். மீதியை நம் வீட்டுக் கூடத்தில்தான் செய்யவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பரபரப்பான செய்தி எதுவானாலும் அதை மற்றொருவருக்கு அனுப்புமுன், எந்த ஊர், எந்தத் தேதி, யார் சொன்னது என்னும் மூன்று கேள்விகளை உரக்கக் கேட்பது. மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அந்தச் செய்தி எங்கள் வாசற்படியைத் தாண்டாது. என் மாமியார் முதலில் சிரித்தார். இப்போது அவரே எங்களைக் கேட்கிறார். இரண்டாவதாக, நமக்குப் பிடிக்காத கட்சியின் பத்திரிகை ஒன்றையும் வாரம் ஒரு முறையாவது படிப்பது. காவிரியின் இரு கரைகளையும் அறியாமல் காவிரியை அறிந்ததாகச் சொல்லமுடியாதல்லவா?

அந்தப் பையன் நாலாம் நாள் பள்ளிக்கு வந்தான். நானும் அவன் வகுப்புத் தோழர்கள் இருவரும் அவன் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம். வழியில் டீக்கடைக்காரர் அவன் தகப்பனாரைப் பார்த்து, "என்ன, நாலு நாளாய்க் காணோம்! பாக்கிக் கணக்கு அப்படியே நிற்கிறது" என்றார். அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைக் கண்டேன். பையன் அதை ஊரிலுள்ள பாட்டிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று பிடிவாதம் செய்து, தகப்பனாரின் கைப்பேசியிலே, தானே பேசி, தன் பெயரும் ஊரும் தேதியும் சொல்லி, ஒரு செய்தி அனுப்பினான்.

அந்த வாரத்தில் எங்கள் ஊரைப் பற்றிப் பீஹாருக்குப் போன செய்திகளில், சொன்னவர் பெயரோடு போனது அது ஒன்றாகவே இருந்தாலும் இருக்கலாம்.